செங்கல்லைப் படுக்க வைத்தாலும் நிறுத்தி வைத்தாலும் உராய்வு ஒன்றுதான். ஏன்?

பதினொன்றாம் வகுப்பில் நம்மில் பலர் மனப்பாடம் செய்த வரி இது: "உராய்வு விசை, தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததல்ல." எழுதினோம், மார்க் வாங்கினோம், மறந்துவிட்டோம். கொஞ்சம் நின்று யோசித்தால் இது ரொம்ப விநோதமான விஷயம்.

ஒரு செங்கல்லைப் படுக்க வைத்து ஸ்பிரிங் தராசு மாட்டி இழுங்கள். பிறகு அதே செங்கல்லைக் குறுகிய பக்கத்தில் நிறுத்தி வைத்து இழுங்கள். தரையைத் தொடும் பரப்பு நன்றாகவே குறைந்துவிட்டது. ஆனால் தராசு கிட்டத்தட்ட பழைய அளவையே காட்டும். உராய்வது பரப்பும் பரப்பும்தானே? பரப்பு குறைந்தால் உராய்வும் குறைய வேண்டாமா?

இந்தக் கேள்விக்கு உருப்படியான பதில் கிடைக்க 240 வருடங்கள் ஆயின. அந்தக் கதைதான் இந்தப் பதிவு.

இதை முதலில் கவனித்தவர் லியனார்டோ டா வின்சி. ஆமாம், மோனாலிசா வரைந்த அதே ஆள்தான் :) 1490-களில் அவர் எழுதிய குறிப்பேடுகளில், கட்டையில் கயிறு கட்டி, கப்பி வழியாக எடையைத் தொங்கவிட்டு இழுக்கும் படங்கள் இருக்கின்றன. எடை இரட்டித்தால் உராய்வும் இரட்டிக்கும், எந்தப் பக்கத்தைக் கீழே வைத்தாலும் உராய்வு மாறாது என்ற இரண்டையுமே அவர் அறிந்திருந்தார். ஆனால் எதையும் அச்சிடவில்லை. குறிப்பேடுகள் மூடியே கிடந்தன.

அடுத்து 1699, பாரிஸ். சிறு வயதிலேயே காது கேட்காமல் போன கியோம் அமோன்தோன் என்பவர் பிரெஞ்சு அறிவியல் அகாதமியில் ஒரு கட்டுரை வாசித்தார். செம்பு, இரும்பு, ஈயம், மரம் இவற்றைப் பன்றிக் கொழுப்பு தடவி ஒன்றின்மேல் ஒன்று தேய்த்துப் பார்த்தவர் அவர். உராய்வு சுமையில் மூன்றில் ஒரு பங்கு, பரப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். அகாதமியில் சந்தேகம் கிளம்பியது. லா ஹீர் என்ற உறுப்பினர் தானே சோதித்துப் பார்த்து, அமோன்தோன் சொன்னது சரிதான் என்றார்.

காரணம் என்ன? அமோன்தோனின் விளக்கம் எளிமையானது. எந்தப் பரப்பிலும் மேடு பள்ளம் உண்டு. மேலே இருக்கும் பொருள் அந்த மேடுகளில் ஏறித்தான் நகர வேண்டும். ஏற்றுவதற்கான விசை எடையைப் பொறுத்தது. அதில் பரப்புக்கு வேலை இல்லை.

இங்கேதான் ஒருவர் குறுக்கே வருகிறார். நியூட்டனிடம் உதவியாளராக இருந்த ஜான் டெசாகுலியே, 1724-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஒரு சோதனையைக் காட்டினார். இரண்டு ஈயக் குண்டுகளில் சின்னத் துண்டு சீவி, சீவிய பக்கங்களைச் சேர்த்து அழுத்தித் திருகினார். இரண்டும் பலமாக ஒட்டிக்கொண்டன. பல பவுண்டு எடையைத் தொங்கவிட்ட பிறகுதான் பிரிந்தன. பரப்புகளை அளவுக்கு மீறி மழமழப்பாக்கினால் உராய்வு குறையாமல் கூடவும் செய்யும் என்று பிற்பாடு எழுதினார். அப்படியானால் மேடு பள்ளம் மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஒட்டுதலும் காரணம்.

ஆனால் ஒட்டுதல்தான் காரணம் என்றால், அதிகப் பரப்பு அதிகமாக ஒட்ட வேண்டுமே! அது அமோன்தோன் விதிக்கு நேர் எதிர். இந்த முடிச்சை டெசாகுலியேயால் அவிழ்க்க முடியவில்லை.

ராணுவப் பொறியாளரான கூலும் (மின்னூட்ட விதியில் வரும் அதே கூலும்தான்) 1781-இல் உராய்வு ஆராய்ச்சிக்காக அகாதமியின் பரிசை வென்றார். ஒட்டுதலை அவரும் யோசித்தார். பரப்பு கூடினாலும் உராய்வு கூடவில்லை என்பதால் அதை ஓரமாக வைத்துவிட்டு மேடு பள்ளத்துக்கே திரும்பினார். 1804-இல் ஜான் லெஸ்லி அதில் ஓட்டை போட்டார். மேட்டில் ஏற விசை வேண்டும், சரி. மறுபக்கம் இறங்கும்போது அது திரும்பக் கிடைத்துவிடுமே? பிறகு உராய்வில் எப்படி ஆற்றல் வீணாகிறது?

ஆக, ஒட்டுதல் என்றால் பரப்பு இடிக்கிறது. மேடு பள்ளம் என்றால் ஆற்றல் இடிக்கிறது.

முடிச்சு அவிழ்ந்தது 1939-இல். கேம்பிரிட்ஜில் இருந்த பிராங்க் பௌடனும் டேவிட் டேபரும், தொட்டுக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்கள் வழியாக மின்சாரம் செலுத்தி, அது எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்று அளந்தார்கள். உண்மையில் எவ்வளவு பரப்பு தொடுகிறது என்பதை அதிலிருந்து கணக்கிடலாம். நம் கண்ணுக்கு முழுசாகத் தொடுவது போலத் தெரியும் பரப்பில், நிஜமாகத் தொடுவது மிக மிகச் சிறிய பங்கு. மேடுகளின் நுனிகள் மட்டுமே தொடுகின்றன.

ஒரு கணக்குப் போடுவோம். 10 கிலோ எடையுள்ள இரும்பு, 10 செ.மீ.க்கு 10 செ.மீ. அளவுள்ள முகத்தில் உட்கார்ந்திருக்கிறது. எடை சுமார் 100 நியூட்டன். சாதாரண இரும்பின் கடினத்தன்மை சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 1000 நியூட்டன். நுனிகள் நசுங்கி நசுங்கி, சுமையைத் தாங்கும் அளவுக்குப் பரப்பு வந்ததும் நின்றுவிடும். 100-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.1 சதுர மி.மீ. முகத்தின் மொத்தப் பரப்போ 10,000 சதுர மி.மீ. அதாவது லட்சத்தில் ஒரு பங்குதான் தொடுகிறது!

இப்போது அதே இரும்பைச் சின்ன முகத்தில் நிறுத்துங்கள். சுமை மாறவில்லை, கடினத்தன்மையும் மாறவில்லை. நிஜத் தொடுபரப்பு அதே 0.1 சதுர மி.மீ. தான். அந்த இடங்களில் உலோகம் உலோகத்தோடு ஒட்டிக்கொள்கிறது. இழுக்கும்போது அந்த ஒட்டுகளை அறுக்க வேண்டும். அறுக்கும் ஆற்றல் வெப்பமாகப் போய்விடும். லெஸ்லியின் கேள்விக்கும் இதிலேயே பதில் கிடைத்துவிட்டது.

இது முழுக் கதை அல்ல. இந்த எளிய கணக்கு சுத்தமான உலோகங்களின் உராய்வைக் குறைவாகவே காட்டும். ரப்பர் போன்றவை நசுங்கினாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். 1957-இல் ஆர்ச்சர்டும், 1966-இல் கிரீன்வுட், வில்லியம்சன் இருவரும் இன்னொன்றைக் காட்டினார்கள். நுனிகள் நிரந்தரமாக நசுங்காவிட்டாலும் பரவாயில்லை. சுமை கூடும்போது புதுப்புது நுனிகள் தொட ஆரம்பிப்பதால், நிஜத் தொடுபரப்பு அப்போதும் சுமைக்கு ஏற்றபடியே வளரும்.

கூலும் கவனித்த இன்னொன்றும் உண்டு. மரக்கட்டைகள் அசையாமல் கிடக்கும் நேரம் கூடக்கூட, அவற்றை நகர்த்தத் தேவையான விசையும் கூடுகிறது. 1994-இல் டீட்ரிக், கில்கோர் என்ற இரண்டு புவியியல் ஆய்வாளர்கள், ஒளி ஊடுருவும் பொருட்களை அழுத்தி வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். தொடும் புள்ளிகள் நேரம் போகப்போகப் பெரிதாவது கண்ணுக்கே தெரிந்தது. பூமிக்கடியில் பாறைப் பிளவுகள் பல வருடங்கள் பிடித்துக்கொண்டிருந்து திடீரென்று வழுக்குவதுதான் பெரும்பாலான நிலநடுக்கம். அதற்கான கணக்குகளில் இன்று இந்தப் புள்ளிகளின் வளர்ச்சியும் சேர்கிறது.

ஆக, அமோன்தோனும் சரி, டெசாகுலியேயும் சரி. உராய்வு பரப்பைப் பொறுத்ததுதான். நாம் ஸ்கேல் வைத்து அளக்கும் பரப்பு அல்ல, நிஜமாகத் தொடும் பரப்பு. பாடப்புத்தக வரியில் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்திருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும்.