மானின் கால் வழுக்கிய கதை

பாலக்காட்டுப் பக்கத்துப் பத்ரகாளி கோயில்களில் பல தலைமுறைகளாக ஒரு போர் இரவு முழுக்க நடந்துவந்தது. ராமனும் ராவணனும் மோதிய சமயத்தில் பத்ரகாளியான பகவதி தாரிகன் என்ற அசுரனோடு சண்டையில் இருந்தாளாம். அதனால் அந்தப் போரைப் பார்க்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை. அவள் பார்க்க வேண்டும் என்பதற்காகவே 42 அடி நீளத்தில் கூத்துமாடம் கட்டி, கம்பன் பாட்டைச் சொல்லித் தோல்பாவைக்கூத்து ஆடினார்கள். தேங்காய் மூடிகளில் 21 விளக்குகள், முன்னால் வெள்ளைத் துணி, நடுவே மான்தோலில் வெட்டிய பாவைகள். எதிரே ஓர் ஆள்கூட உட்காராத இரவிலும் கூத்து நிற்கவில்லை.

துணியோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் கூராக விழும். விளக்குப் பக்கம் இழுத்தால் பருத்துக் கலங்கும். இந்த வித்தை பாவை ஆட்டும் புலவர்களுக்கு அத்துப்படி. அசையாத பாவையை முள்ளால் துணியில் குத்திவைத்தார்கள். மாயமானைப் போல ஓட வேண்டியதைக் கையில் பிடித்தார்கள். பல கைகள் ஆட்டினாலும் பாட்டின் நடை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் கட்டிவைத்தது. ஒன்று மட்டும் முடியவில்லை. மான் ஓடும், ஆனால் மானைத் துரத்திக்கொண்டு பார்ப்பவரின் கண்ணும் காட்டுக்குள் போக வேண்டும் என்றால்?

கண் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கூத்துமாடம் வேண்டாம், வாளையாறு தாண்டும் ரயிலின் ஜன்னல் போதும். தண்டவாளத்து ஓரக் கம்பங்கள் பறந்தன. வயல் நடுவே பனைமரங்கள் நிதானமாக நகர்ந்தன. மலைத்தொடர் நகர்ந்ததாகவே தெரியவில்லை. நிலா கூடவே வந்தது. போடிமெட்டு தாண்டிப் பூப்பாறைக்கு இறங்கும் பஸ்ஸில் ஏலத்தோட்டத்துக்கும் எதிர் மலைக்கும் இடையே இதே கணக்குதான். கிட்டே இருப்பது அதிகம் நகரும், எட்ட இருப்பது கொஞ்சம் நகரும். இதைப் படத்தில் கொண்டுவரும் வழி ஒரு வங்கிக்காரரின் பயத்தில் இருந்து பிறந்தது.

1923, ஜெர்மனி. காலையில் வாங்கிய ரொட்டியின் விலை மாலையில் இல்லை. பணம் காகிதமாகிக்கொண்டிருந்ததால், லூயிஸ் ஹாகன் என்ற வங்கிக்காரர் கையில் இருந்ததைப் போட்டு ஃபிலிம் சுருள்களாக வாங்கிக் குவித்தார். எதிர்பார்த்த லாபம் கிடைக்கவில்லை. கிடக்கிற சுருளில் ஒரு முழுநீளப் படம் எடுக்க முடியுமா என்று லோட்டே ரைனிகரைக் கேட்டார். சிறுவயதிலேயே சீன நிழற்பாவைகளில் மயங்கி, கத்தரிக்கோலால் உருவம் வெட்டப் பழகிய பெண் அவர். போட்ஸ்டாமில் ஹாகனின் கார் கொட்டகைக்கு மேலே ஸ்டூடியோ அமைந்தது. கீழிருந்து விளக்கு, மேலே கேமரா, நடுவே கண்ணாடித் தட்டுகள். ஒன்றில் உருவம், இன்னொன்றில் பின்னணி. 1926இல் ‘இளவரசர் அஹமதுவின் சாகசங்கள்’ திரைக்கு வந்தது. அடுக்கு பிறந்துவிட்டது. அதற்கு ஒரு கேமரா வாகனம் இன்னும் வரவில்லை.

வாகனம் நிஜமாகவே வாகனத்தில் இருந்துதான் வந்தது. மிக்கி மவுஸை முதலில் வரைந்த அப் ஐவர்க்ஸ், 1930இல் டிஸ்னியை விட்டு விலகித் தனிக்கடை போட்டார். பழைய ஷெவர்லே கார் ஒன்றின் பாகங்களைக் கழற்றி, பல அடுக்குப் படங்களை ஒரே கேமராவால் எடுக்கும் கருவியை 1930களின் முற்பகுதியில் பொருத்தினார். கருவி நன்றாகவே ஓடியது, கம்பெனிதான் ஓடவில்லை. அதே வித்தையை, அவர் விட்டுவந்த பழைய முதலாளி வேறு ஒரு தலைவலிக்காகத் தேடிக்கொண்டிருந்தார்.

தலைவலியின் பெயர் நிலா. ஒரே தாளில் பண்ணை வீடும் நிலாவும் வரைந்து கேமராவைக் கிட்டே கொண்டுபோனால், வீடு பெரிதானது சரி, நிலாவும் கூடவே பெரிதாகித் தொலைத்தது. தட்டையான படத்தில் எல்லாம் ஒரே தூரம். வில்லியம் காரிட்டியின் குழு டிஸ்னிக்காகப் பெரிய இரும்புச் சட்டம் ஒன்றை எழுப்பியது. உச்சியில் கீழ்நோக்கிய கேமரா. கீழே ஏழு அடுக்குகள் வரை, ஒவ்வொன்றுக்கும் தனி விளக்கு, தனி நகர்வு. நிலாவின் அடுக்கை அப்படியே விட்டுவிட்டு வீட்டை மட்டும் கேமராவுக்கு அருகே ஏற்றினார்கள். 1937 நவம்பரில் வந்த ‘தி ஓல்ட் மில்’ குறும்படம் அந்தக் கருவிக்கு ஒத்திகை. அதுவே ஆஸ்கரும் வாங்கியது. நிலா அடங்கிய பிறகு கால் மக்கர் செய்தது.

ஒரு மான் நடக்கிறது என்றால், ஊன்றிய குளம்பு ஒவ்வொரு ஃபிரேமிலும் கால் அங்குலம் பின்னால் வரையப்பட்டது. அடியில் தரை ஓவியமும் அதே கால் அங்குலம் நகர்ந்தாக வேண்டும். பின்னாலுள்ள மரங்கள் அரைக்கால் அங்குலம், தூரத்து மலை அரைவீசம், வானம் சும்மா. தரை ஒரு மயிரிழை பிசகினாலும் மான் எண்ணெய் கொட்டிய தரையில் போவதுபோல் வழுக்கியது. ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம். பத்து விநாடிக் காட்சிக்கு 240. ஐந்து அடுக்கு நகர்ந்தால் 1,200 தடவை கைப்பிடியைச் சுற்ற வேண்டும். எக்ஸ்போஷர் ஷீட்டில் எழுதிய எண்ணைப் பார்த்துப் பார்த்து, அடுக்குக்கு ஒரு கை என்று பலர் நின்று சுற்றினார்கள். 1942இல் வந்த ‘பாம்பி’யின் தொடக்கத்தில் கேமரா காட்டுக்குள் நுழைந்து போனது அப்படித்தான். எங்கேயாவது ஓர் எண் தப்பினால், திருத்த வழி இல்லை; முதல் ஃபிரேமில் இருந்து மறுபடியும்.

‘பாம்பி’யில் வேலை செய்தவர்களில் ஒருவர் கிளேர் வீக்ஸ். பாதிரிக் குடும்பத்தில் இந்தியாவிலேயே பிறந்தவர். 1956இல் பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவு தொடங்கியபோது, பயிற்சி கொடுக்க வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு அங்கே உருவான ‘தி பேன்யன் டீர்’ ஜாதகக் கதையின் நாயகனும் மான்தான். ராம் மோகன் உள்ளிட்ட ஒரு தலைமுறை அந்தப் பிரிவில் தொழில் பழகியது. ஆனால் பம்பாயிலும் சரி, ஹாலிவுட்டிலும் சரி, கணக்கு இன்னும் தாளிலும் விரலிலும்தான் இருந்தது. அதை விடுவித்த பொருள் பீரங்கிப் படையில் இருந்து வந்தது.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், விமானத்தைக் குறிவைக்கக் கணக்குப் போட்ட எம்-5 கருவிகள் பழைய சாமானாக விற்பனைக்கு வந்தன. அனிமேஷன் கலைஞர் ஜான் விட்னி அப்படி ஒன்றை வாங்கி, பீரங்கியைத் திருப்பிய பற்சக்கரங்களைப் படத்தையும் கேமராவையும் திருப்ப வைத்தார். இயந்திரம் கணக்குப்படி நகர்த்தும் என்பது உறுதியானது. 1977இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்காக ஜான் டைக்ஸ்ட்ராவின் குழு இன்னும் ஒரு படி போனது. கேமராவின் மோட்டார்கள் எத்தனை அடி எடுத்துவைத்தன என்பதைப் பதிந்து, அதே பாதையை அச்சு அசலாகத் திரும்ப நடக்க வைத்தார்கள். விண்கலம் தனியே, விளக்கு தனியே எடுத்து ஒட்டினாலும் பிசிறு தெரியவில்லை. கேமராவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. இனி அதற்கு உடம்பு எதற்கு?

உடம்பு மெல்ல மெல்லக் கரைந்தது. 1982இல் ஜப்பானின் ஐரெம் நிறுவனம் வெளியிட்ட ‘மூன் பேட்ரோல்’ வீடியோ கேமில், வண்டி ஓட ஓடத் தரை வேகமாகவும் மலைகள் மெதுவாகவும் நகர்ந்தன. கைப்பிடியைச் சுற்ற ஒருவரும் இல்லை. 1990இல் டிஸ்னியின் ‘தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்’ முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே வண்ணம் ஏறி, அடுக்கு சேர்ந்தது. 2001இல் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளின் 5ஆம் பதிப்பு, அடுக்குகளை வெவ்வேறு தூரத்தில் நிறுத்தி நடுவே இல்லாத கேமராவை ஓட்டவிட்டது. ஓர் அடுக்கை இன்னொன்றின் பிள்ளையாக்கிவிட்டால், தாய் நகரும்போது பிள்ளையும் நகர்ந்தது. மேஜை இல்லை, கண்ணாடி இல்லை, லென்ஸ்கூட இல்லை. ஆனால் கேமராவை யாராவது ஒருவர் நகர்த்தியாக வேண்டும்.

2013இல் அந்த வேலை கோடிக்கணக்கானவர்களின் கைக்கு வந்தது. ஐஃபோனின் ஐஓஎஸ் 7இல், போனைச் சற்றே சாய்த்தால் ஐகான்களுக்குப் பின்னால் வால்பேப்பர் தனியே நழுவியது. முகப்புத் திரையின் அந்தச் சின்ன மிதப்புதான் ரைனிகரின் கண்ணாடித் தட்டு, ஐவர்க்ஸின் ஷெவர்லே, டிஸ்னியின் இரும்புச் சட்டம் எல்லாம் சேர்ந்து பெற்ற பிள்ளை. சாய்வை அளக்க ஒரு சென்சார், அடுக்கு நகர ஒரு கணக்கு, பிசகே இல்லை. அதுதான் வினையாயிற்று. கண் ‘நகர்கிறோம்’ என்றது, காதுக்குள் சமநிலை பார்க்கும் உறுப்பு ‘இல்லையே’ என்றது. சிலருக்குத் தலை சுற்றிக் குமட்டியது. புகார்கள் குவியவே, சில வாரங்களில் ஆப்பிள் அந்த மிதப்பை நிறுத்தும் ஸ்விட்சைச் சீராக்கிக் கொடுத்தது. அடுக்குகள் அத்தனையும் ஒத்துப்போக 90 ஆண்டுகள் ஆயின. பார்க்கிறவரின் உடம்பும் ஓர் அடுக்கு என்பது அதற்குப் பிறகுதான் கணக்கில் சேர்ந்தது.