குப்பைநிலத்திலிருந்து பூங்கா வரை: லோரோங் ஹாலுஸ் நிலத்தின் வரலாறு

முன்னுரை

அகப்பாடலுக்கு உரிய முதற்பொருளாக நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே வைத்துக் கூறுகிறது தொல்காப்பியம். நிலத்தைக் காலத்தோடு இணைத்து நோக்கும் இம்முறை நகர வரலாற்றை ஆராய்வோர்க்கும் பயன்படத்தக்கதாகும். இன்று கண்முன் தோன்றும் ஒரு பூங்காவை அதன் காலத்தினின்று பிரித்து நோக்கினால் பசுமை ஒன்றே தெரியும். அதன் அடியில் கிடப்பது தெரியாது. சிங்கப்பூரின் வடகிழக்கில் உள்ள லோரோங் ஹாலுஸ் சதுப்புநிலப் பூங்கா இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு எனலாம். மாசுற்ற நிலம் பூங்காவாவது தூய்மைப் பணியின் நிறைவன்று, இடையறாத காப்புப் பணியின் தொடக்கமே என்பதை அதன் வரலாற்றின்வழி நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நகரின் புறக்கடை

மலாய்மொழியில் 'லோரோங்' என்பது சந்தினைக் குறிக்கும். 'ஹாலுஸ்' என்பது நுண்மை, மென்மை ஆகிய பொருள்களைத் தரும். இம்மென்மையான பெயரைத் தாங்கிய இடமே நெடுங்காலம் நகரின் கழிவுகளை ஏற்ற இடமாக விளங்கியது. வீடுகளிலிருந்து வாளிகளில் எடுக்கப்பட்ட மலக்கழிவு இறுதியாக வந்து சேர்ந்த நிலையம் இங்கிருந்தது. வாளிக் கழிப்பிட முறை 1987-இல் முற்றாக ஒழிக்கப்பட்டபோது அந்நிலையத்தின் பணியும் முடிவுற்றது.

இதனிடையே, 1970-இல் இவ்விடம் குப்பைகொட்டும் நிலமாகவும் ஆகியிருந்தது. அக்காலத்தில் சிங்கப்பூரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,200 டன் குப்பை அகற்றப்பட்டது. தொழில்வளர்ச்சியும் மக்கள்தொகைப் பெருக்கமும் அவ்வளவைப் பன்மடங்காக்கின. 1979-இல் உலு பாண்டானில் முதல் எரிப்பாலை இயங்கத் தொடங்கியபின் குப்பையின் பருமன் குறைந்ததே தவிர, நிலத்தில் புதைக்கும் தேவை நீங்கவில்லை. 1999 மார்ச் 31 வரை லோரோங் ஹாலுஸ் குப்பையை ஏற்றது. மறுநாள் முதல் அப்பணி கடலில் அமைக்கப்பட்ட செமாக்காவ் குப்பைநிலத்துக்கு மாறியது. தலைத்தீவின் இறுதிக் குப்பைநிலமான லோரோங் ஹாலுஸ் அப்போது ஏறத்தாழ 234 ஹெக்டேர் பரப்புடையதாய் இருந்தது.

நீர்த்தேவை தந்த மாற்றம்

மூடப்பட்ட குப்பைநிலத்தைப் பல்லாண்டுகள் வாளா விட்டுவிடுவதே உலகின் பல நகரங்களிலும் காணப்படும் வழக்கம். லோரோங் ஹாலுஸை அவ்வாறு விட இயலாமற்போனதற்குக் காரணம் பூங்கா வேண்டும் என்னும் விருப்பமன்று, குடிநீர்த்தேவையே ஆகும். ஜொகூர் மாநிலத்திலிருந்து நீர் பெறுவதற்கான 1961-ஆம் ஆண்டு உடன்படிக்கை 2011-இல் முடிவுற்றது. 2061 வரை நீடிக்கும் 1962-ஆம் ஆண்டு உடன்படிக்கையே எஞ்சியது. ஆகவே உள்நாட்டு மழைநீரைத் தேக்கும் முயற்சிகள் விரைவுபெற்றன. மரினா, பொங்கோல், செராங்கூன் ஆகிய மூன்று நீர்த்தேக்கங்கள் சேர்ந்தபின், 2011 அளவில், நீர்ப்பிடிப்புப் பகுதி நாட்டின் நிலப்பரப்பில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்காக உயர்ந்தது.

இவற்றுள் செராங்கூன் நீர்த்தேக்கம், செராங்கூன் ஆற்றின் முகத்துவாரத்தில் அணைகட்டி உருவாக்கப்பட்டது. அதன் கிழக்குக் கரையிலேயே பழைய குப்பைநிலம் இருந்தது. மழைநீர் புதைந்த குப்பையினூடே இறங்கும்போது அதிலுள்ள அம்மோனியாவையும் கரிமப் பொருள்களையும் கரைத்துக்கொண்டு கசிவுநீராக வெளிப்படுகிறது. அது குடிநீருடன் கலப்பதைத் தடுக்காமல் நீர்த்தேக்கத்தைப் பயன்படுத்த இயலாது.

மதிலும் நாணலும்

இச்சிக்கலுக்கு இரு தீர்வுகள் ஒருங்கே மேற்கொள்ளப்பட்டன. முதலாவது, கரையோரமாக 6.4 கிலோமீட்டர் நீளத்துக்கு, 18 மீட்டர் ஆழத்தில் நிலத்தடி மதில் ஒன்று எழுப்பப்பட்டது. இரண்டாவது, மதிலால் தடுக்கப்பட்ட கசிவுநீரைச் சேகரித்துத் தூய்மைப்படுத்தும் சதுப்புநிலம் 18 ஹெக்டேர் பரப்பில் அமைக்கப்பட்டது. இங்கு நாணல், சம்பு போன்ற நீர்த்தாவரங்கள் பாத்திகளில் வளர்க்கப்படுகின்றன. அவற்றின் வேர்ப்பகுதியில் வாழும் நுண்ணுயிர்கள் மாசுப்பொருள்களைச் சிதைக்கின்றன. பின்னர் நீர் குளங்களின் வழியே சென்று மேலும் தெளிவடைகிறது. 2011-இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட இவ்விடத்தில் நடைபாதைகளும், பொங்கோல் கரையோடு இணைக்கும் பாலமும் உள்ளன. நாணற்பாத்தி கண்ணுக்கு அழகாகவும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையமாகவும் ஒருசேர விளங்குவது இங்குக் குறிப்பிடத்தக்கது.

எனினும் குப்பை அகற்றப்படவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. மழை பெய்யுந்தோறும் கசிவுநீர் ஊறும். மதில் பழுதுற்றாலோ பாத்திகள் பேணப்படாவிட்டாலோ பழைய மாசு மீண்டும் நீரை நோக்கி நகரும். நியூயார்க்கின் ஃபிரெஷ் கில்ஸ் குப்பைநிலமும் இவ்வுண்மையையே உணர்த்துகிறது. 1948-இல் தொடங்கப்பட்டு 2001-இல் மூடப்பட்ட அந்நிலத்தின் குப்பைமேடுகள் மண்ணாலும் நெகிழித் திரையாலும் மூடப்பட்டுள்ளன. அங்கும் கசிவுநீரும் குப்பையிலிருந்து எழும் வாயுவும் தொடர்ந்து சேகரிக்கப்படுகின்றன. அப்பூங்காவின் வடபகுதியில் முதற்கட்டம் திறக்கப்பட்டது 2023-இல்தான். குப்பையைப் பெற்ற காலமும் அதைப் பூங்காவாக்கும் காலமும் ஏறக்குறைய ஒத்த நீளமுடையனவாக அமையக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

உழைப்பின் வரலாறு

இந்நிலவரலாற்றில் நிரப்பப்பட வேண்டிய இடம் ஒன்றுண்டு. குடியேற்ற ஆட்சிக்காலம் முதலே சிங்கப்பூர் நகராட்சியின் தெருக்கூட்டும் பணியிலும் வடிகால் துப்புரவுப் பணியிலும் தமிழ்த் தொழிலாளர் பெரும்பங்கு வகித்தனர். நகரின் தூய்மை அவர்தம் கைகளால் ஆனது; அத்தூய்மையின் மறுபக்கமே இத்தகைய குப்பைநிலங்கள். அணைகளையும் மதில்களையும் பற்றிய விவரங்கள் அரசு வெளியீடுகளில் விரிவாகக் கிடைக்கின்றன. துப்புரவுத் தொழிலாளரின் வேலைமுறை, குடியிருப்பு, நாட்கூலி, அவர் வழங்கிய தொழிற்சொற்கள் ஆகியன பெரிதும் நினைவுகளிலேயே தங்கியுள்ளன. 1970-களில் பணியாற்றியோர் இன்று முதுமையடைந்துள்ளனர். அவர்தம் வாய்மொழியைத் திரட்டுவதற்குரிய காலம் சுருங்கிவருகிறது.

முடிவுரை

லோரோங் ஹாலுஸின் மாற்றம், நீர்த்தேவையால் தூண்டப்பெற்று, பொறியியலாலும் தாவரங்களாலும் நிலைநிறுத்தப்பட்டு, நாள்தோறும் பேணப்படும் ஒன்றாகும் என்பது மேற்கண்டவற்றால் தெளிவாகிறது. இதனை 'நிலம் குணமடைந்தது' என்று முடித்துரைப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. தமிழாசிரியர்கள் மாணவர்களை இங்கு அழைத்துச் செல்லுங்கால், பறவைகளையும் தாவரங்களையும் காட்டுவதோடு, மதில் எதைத் தடுக்கிறது, அக்குப்பை எங்கிருந்து வந்தது, அதை அகற்றியோர் யாவர் என்னும் வினாக்களையும் எழுப்புதல் வேண்டும். அவ்வினாக்களுக்கு விடைதேடித் தம் குடும்பத்து முதியோரிடம் மாணவர் உரையாடிப் பதிவுசெய்வாராயின், நம் சமூக வரலாற்றுக்குப் புதிய சான்றுகள் கிடைக்கும்.