டிவிடியில் திரைப்படத்தின் படச்சட்ட விகிதம்

படச்சட்ட விகிதம் என்பது திரைப்படக் காட்சியின் அகலத்துக்கும் உயரத்துக்கும் இடையே உள்ள விகிதம் ஆகும். இது ஆஸ்பெக்ட் ரேஷியோ என்றும் அழைக்கப்படுகிறது. டிவிடி, புளூ-ரே வட்டுகளில் உள்ள சட்டத்தின் விகிதமும் அதற்குள் அமையும் படத்தின் விகிதமும் பெரும்பாலும் வேறுபடுகின்றன. எனவே ஒரு படம் திரையரங்கில் எந்த வடிவில் காட்டப்பட்டது என்று வட்டைக் கொண்டு அறிய, அளவீட்டுடன் வரலாறும் தேவைப்படுகிறது.

திரையரங்க விகிதங்கள்

1890களின் தொடக்கத்தில் எடிசனின் ஆய்வகத்தில் வில்லியம் டிக்சன் 35 மி.மீ. படச்சுருளை உருவாக்கினார். ஒரு சட்டத்துக்கு நான்கு துளைகள் என்ற அவரது அமைப்பிலிருந்து 4:3, அதாவது 1.33:1 என்னும் விகிதம் பிறந்தது. பேசும்படங்கள் வந்தபோது ஒலித்தடம் சுருளின் ஓரத்தில் இடம்பிடித்தது. இதையொட்டி 1932இல் அமெரிக்கத் திரைப்பட அகாதமி 1.37:1 விகிதத்தைத் தரப்படுத்தியது. தொலைக்காட்சி 4:3 விகிதத்தை ஏற்றது.

தொலைக்காட்சியின் போட்டியைச் சமாளிக்க ஹாலிவுட் நிறுவனங்கள் திரையை அகலப்படுத்தின. 1953இல் டுவென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் 'தி ரோப்' படத்தை சினிமாஸ்கோப்பில் வெளியிட்டது. பிரான்சின் ஆன்ரி கிரெத்தியன் உருவாக்கிய வில்லை, அகன்ற காட்சியைப் பக்கவாட்டில் பாதியாகச் சுருக்கிப் பதிந்தது. திரையிடும்போது மற்றொரு வில்லை அதை விரித்தது. தொடக்கத்தில் 2.55:1 ஆக இருந்த விகிதம் பின்னர் 2.35:1 ஆனது. வேறு பல படங்கள் வழக்கமான சட்டத்தின் மேலும் கீழும் மறைக்கப்பட்டு 1.66:1, 1.85:1 விகிதங்களில் திரையிடப்பட்டன. தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் 1973இல் வெளிவந்த 'ராஜராஜ சோழன்' ஆகும்.

வட்டுகளில் படம்

அகன்ற படத்தை 4:3 தொலைக்காட்சியில் நிரப்ப அதன் பக்கங்களை வெட்ட வேண்டும். 2.35:1 படத்தை இவ்வாறு வெட்டினால் அகலத்தில் ஏறத்தாழ 43 விழுக்காடு மறைந்துவிடும். இருவர் எதிரெதிரே நின்று பேசும் காட்சியில் ஒருவர் மட்டுமே தெரியக்கூடும். வெட்டாமல் மேலும் கீழும் கருப்புப் பட்டைகள் விடுவது மாற்று முறையாகும். லேசர் வட்டுகள் மூலம் இம்முறை திரைப்பட ஆர்வலர்களிடையே பரவியது.

1980களில் கெர்ன்ஸ் பவர்ஸ் என்னும் பொறியாளர் பழக்கத்தில் இருந்த பல விகிதங்களை ஒப்பிட்டு, அவற்றுக்குப் பொதுவாகப் பொருந்தும் 16:9 சட்டத்தை முன்வைத்தார். 1996இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடி 4:3, 16:9 ஆகிய இரண்டு சட்டங்களை மட்டுமே ஏற்றது.

கணக்கிடும் முறை

என்டிஎஸ்சி டிவிடியின் சட்டம் 720×480 புள்ளிகளும், பால் டிவிடியின் சட்டம் 720×576 புள்ளிகளும் கொண்டது. 720ஐ 480ஆல் வகுத்தால் 1.5 கிடைக்கும், இது 4:3உம் அல்ல, 16:9உம் அல்ல. டிவிடியின் புள்ளிகள் சதுரமாக இல்லாததே காரணம். ஆகவே வட்டில் குறிக்கப்பட்ட சட்ட விகிதத்தை மொத்த வரிகளால் பெருக்கி, படம் உள்ள வரிகளால் வகுக்க வேண்டும். 16:9 வட்டில் 480 வரிகளில் 363 வரிகளில் மட்டும் படம் இருந்தால், 1.78×480÷363 = 2.35 ஆகும். அதே படம் 4:3 சட்டத்தில் பதியப்பட்டால் 272 வரிகளே கிடைக்கும். நுணுக்கம் கால்பங்கு குறையும்.

புளூ-ரேயின் 1920×1080 சட்டத்தில் புள்ளிகள் சதுரமானவை. படப்பகுதியின் அகலத்தை உயரத்தால் நேரடியாக வகுக்கலாம். 1920×800 எனில் 2.40:1, பக்கங்களில் பட்டை விட்டு 1480×1080 எனில் 1.37:1.

அளவீட்டின் எல்லை

இக்கணக்கு வட்டில் உள்ள வடிவத்தை மட்டுமே காட்டும். ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி ஷைனிங்' அமெரிக்கத் திரையரங்குகளில் 1.85:1 விகிதத்தில் காட்டப்பட்டது. ஆனால் தொடக்ககால டிவிடிகளில் அது 4:3 சட்டத்தில், திரையரங்கில் மறைக்கப்பட்ட மேல், கீழ்ப் பகுதிகளுடன் வெளிவந்தது. 'அபோகலிப்ஸ் நவ்' படத்தின் ஒளிப்பதிவாளர் விட்டோரியோ ஸ்டொராரோ 2.00:1 விகிதத்தை விரும்பியதால், அதன் டிவிடிகள் பக்கங்கள் குறைக்கப்பட்டு வந்தன. 2010ஆம் ஆண்டு புளூ-ரேயில்தான் 2.35:1 அகலம் திரும்பியது. முதல் படத்தில் கூடுதல் பகுதியும் இரண்டாவதில் குறைந்த பகுதியும் தெரிந்தன. இரண்டுமே திரையரங்கில் காட்டப்பட்ட சட்டம் அல்ல. எனவே வட்டில் அளந்த விகிதத்தைப் படத்தின் வெளியீட்டு வரலாற்றோடு ஒப்பிட்ட பின்னரே அதன் திரையரங்க விகிதத்தை முடிவு செய்ய முடியும்.