நெகிரி செம்பிலான் தோட்டங்களும் இண்ட்ராஃப் எழுச்சியும்

2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூரில் இந்து உரிமை அமைப்பான இண்ட்ராஃபின் அழைப்பில் மலேசியத் தமிழர்கள் நடத்திய மாபெரும் தெருப்போராட்டம், நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் கைப்பேசி வழியாகத் திரண்ட விதத்தையும் அதன் அரசியல் விளைவுகளையும் இக்கட்டுரை கூறுகிறது. துனீசியாவிலும் எகிப்திலும் முகநூல் பெயரெடுத்தது இதற்கு மூன்று, நான்கு ஆண்டுகள் கழித்துத்தான். இங்கே முதன்மைக் கருவி குறுந்தகவல். 2001 சனவரியில் பிலிப்பைன்ஸ் அதிபர் எஸ்திராடாவுக்கு எதிராக மணிலாவில் கூட்டம் சேர்த்ததும் அதுவே.

தோட்டத்துக்குச் செய்தி வரும் வழி நெடுங்காலம் குறுகலாகவே இருந்தது. எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒருவர் நாளிதழைப் படிக்க, லயம் என்னும் தொழிலாளர் குடியிருப்பு வரிசையின் வாசலில் மற்றவர்கள் கேட்பார்கள். பிறகு வானொலி வந்தது. அதை விட்டால் கோயில் திருவிழா, கள்ளுக்கடை, தொழிற்சங்கக் கூட்டம். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்திய பி. பி. நாராயணன் தொழிற்சங்கத்தில் காலூன்றியது நெகிரி செம்பிலானில்தான். 1984ஆம் ஆண்டின் அச்சக, வெளியீட்டுச் சட்டம் ஒவ்வொரு நாளிதழும் ஆண்டுதோறும் உரிமம் புதுப்பிக்க வேண்டும் என்றது. தமிழ்ப் பத்திரிகைகளும் ஆளுங்கட்சியின் முகம் பார்த்தே எழுதின. இணையத்துக்கு மட்டும் அந்தக் கடிவாளம் இல்லை. பல்லூடகப் பெருவழித் திட்டத்துக்கு முதலீட்டாளர்களை ஈர்க்க, இணையத்தைத் தணிக்கை செய்வதில்லை என்று மகாதீர் அரசு வாக்களித்திருந்தது. அந்த இடைவெளியில் 1999இல் பிறந்தது மலேசியாகினி இணையச் செய்தித்தளம்.

இதற்குள் லாபு, நீலாய், சிரம்பான் வட்டாரத் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளைகள் தொழிற்சாலை வேலைக்குப் போனார்கள். கையில் கைப்பேசி இருந்தது, பெற்றோர் இன்னும் லயத்தில் இருந்தார்கள். எழுச்சியின் செய்தி தோட்டத்துக்குள் நுழைந்தது இந்தப் பிள்ளைகள் வழியாகத்தான்.

சிரம்பானில் வழக்கறிஞராக இருந்த பொ. வேதமூர்த்தியும் அவர் அண்ணன் பொ. உதயகுமாரும் இண்ட்ராஃப் அமைப்பின் முன்னணியில் நின்றார்கள். 2007 அக்டோபர் 30 அன்று, தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு, ஷா ஆலம் பாடாங் ஜாவா மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. அந்தக் காட்சிகள் இணையத்தில் ஏறின, குறுவட்டாகவும் கைமாறின. கணினி இல்லாத வீட்டிலும் குறுவட்டு ஓட்டும் கருவி இருந்தது. மலாயாவுக்குக் கொண்டுவந்த கூலிகளை 1957இல் பாதுகாப்பின்றி விட்டுச்சென்றதாகப் பிரிட்டிஷ் அரசின்மீது லண்டனில் 4 டிரில்லியன் டாலர் கேட்டுத் தொடுத்த வழக்கும் அப்போதைய பேச்சு. தொகை நடைமுறைக்கு ஒவ்வாதது. ஆனால், லயத்துத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்குத் தன் பாட்டனின் கணக்கை யாரோ கேட்கிறார்கள் என்பதே பெரிய விஷயம்.

நவம்பர் 25 போராட்டத்துக்கு முன்பே காவல்துறை நீதிமன்றத் தடையாணை பெற்றது. சாலைத் தடுப்புகள் போட்டது. ஆனாலும் பிரிட்டிஷ் தூதரகம் நோக்கி 10,000 பேருக்கு மேல் திரண்டார்கள். கண்ணீர்ப்புகையும் இரசாயன நீரும் பாய்ந்தன. டிசம்பர் 13 அன்று உதயகுமார் உட்பட ஐவர் விசாரணையின்றிக் கமுந்திங் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார்கள். வேதமூர்த்தி அப்போது வெளிநாட்டில் இருந்தார். "மக்கள் சக்தி" முழக்கம் மட்டும் கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக்கொண்டிருந்தது.

2008 மார்ச் 8 தேர்தலில் ஆளும் பாரிசான் கூட்டணி மூன்றில் இரண்டு பெரும்பான்மையை இழந்தது. சுங்கை சிப்புட்டில் மலேசிய இந்தியக் காங்கிரசின் (ம.இ.கா.) தலைவர் சாமிவேலு தோற்றார். போர்ட்டிக்சனை உள்ளடக்கிய தெலுக் கெமாங்கில் ம.இ.கா.வின் எஸ். சோதிநாதனும் தோற்றார். 2004இல் 2 இடங்களோடு நின்ற எதிர்க்கட்சிகள் நெகிரி செம்பிலான் சட்டமன்றத்தின் 36 இடங்களில் 15 பெற்றன. இணையப் போரில் தோற்றோம் என்று பிரதமர் அப்துல்லா படாவியே ஒப்புக்கொண்டார். அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தோட்டங்கள் நிறைந்த ஜெராம் பாடாங் சட்டமன்றத் தொகுதி அந்த அலையிலும் ம.இ.கா. கையை விட்டுப் போகவில்லை. அங்கே மலாய் வாக்குகள் கணிசம் என்பது ஒரு காரணம். நிர்வாகத்தை அண்டியே பிழைக்க வேண்டிய உட்தோட்ட வாழ்க்கை இன்னொன்று என்று கருத இடமுண்டு. குறுந்தகவல் வேகமெடுத்தது நகரோரத்தில்தான்.

அதே ஆண்டு ஏப்ரலில் 'மக்கள் ஓசை' நாளிதழின் உரிமம் மறுக்கப்பட்டு, சில நாட்களில் திரும்பக் கிடைத்தது. அக்டோபரில் இண்ட்ராஃப் தடைசெய்யப்பட்டது. 2013 சனவரியில் தடை நீங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் வேதமூர்த்தி பாரிசானுடன் ஒப்பந்தம் செய்து, தேர்தலுக்குப் பின் துணையமைச்சரானார்; அடுத்த பிப்ரவரியில் விலகினார். உதயகுமார் தேச நிந்தனைக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். அமைப்பு பிளந்தது. 2018 மே 9 தேர்தலில் பிரச்சாரம் புலன (வாட்ஸ்அப்) குழுக்களுக்கு மாறியிருந்தது. எதிர்க்கட்சிக் கூட்டணியான பக்காத்தான் 36இல் 20 இடங்களை வென்று முதன்முறையாக நெகிரி செம்பிலானில் ஆட்சி அமைத்தது.