தனியரிலிருந்து குடும்பத்திற்கு: அறிவுசார் குறைபாடும் வாழ்க்கைத்தர அளவீடும்

சதுரங்கப்பட்டினத்திற்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005இல் தொடங்கப்பெற்றது. அத்தகைய நிறுவனத்திற்குப் பிள்ளையை அழைத்துச்செல்லும் கூலித்தொழிலாளித் தாய்க்கு அன்றைய கூலி இழப்பாகும். அவ்விழப்பு எந்த அளவீட்டில் பதிவாகிறது என்பதே இக்கட்டுரையின் வினா.

1912ஆம் ஆண்டின் இந்திய லூனசி சட்டம் அறிவுசார் குறைபாட்டையும் மனநோயையும் ஒரே வரையறைக்குள் அடக்கியது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டமே அதனை விலக்கியது. இடையில், 1975இல், சென்னையில் ஜெயச்சந்திரனும் விமலாவும் வளர்ச்சிநிலைத் திட்டமிடல் முறையொன்றை உருவாக்கினர். 18 பிரிவுகள், பிரிவுக்கு 20 என 360 திறன்கள். 'குறை எவ்வளவு' என்னாது 'எது இயலும்' எனக் கேட்டது அதன் சிறப்பு. எனினும் அளக்கப்பட்டவர் தனியரே.

கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் பீச் மையம் உருவாக்கிய அளவுகோல் (2006) குடும்பத்தையே அலகாகக் கொள்கிறது. குடும்ப உறவாடல், பிள்ளை வளர்ப்பு, உளநலம், உடல் மற்றும் பொருள் நலம், குறைபாடு சார்ந்த ஆதரவு ஆகிய ஐந்து களங்களில் 25 கூற்றுகள் வழி மனநிறைவை வினவுகிறது. இங்கோர் இடர்ப்பாடு உண்டு. எதிர்பார்ப்பைச் சுருக்கிக்கொண்ட தாய் 'நிறைவே' எனக் கூறக்கூடும். மதிப்பெண் உயரும், வாழ்க்கை உயராது. ஆதலின் இழந்த வேலைநாள்களையும் தமக்கை இடைநிறுத்திய படிப்பையும் நேர்காணலில் தனியே பதிதல் வேண்டும் என்பது என் கருத்து.

2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் பல சலுகைகளுக்கு 40 விழுக்காட்டுக் குறைபாட்டை வரம்பாக்குகிறது. அவ்விழுக்காடும் தனியருக்குரியதே, சான்றிதழில் தாய்க்கோ தமக்கைக்கோ கட்டமில்லை.