வறள்நாட்டு வீடுகளுக்கு மழைத்தொட்டி வந்த வரலாறு

பிரேசில் தேசத்தின் வடகிழக்கில், கள்ளியும் முட்செடியும் மண்டிய வறண்ட பிரதேசத்தில், மழை அடியோடு பெய்யாமல் இருப்பதில்லை. வருஷத்துக்கு 800 மில்லிமீட்டருக்கு உட்பட்டதாய், சில மாதங்களுக்குள் கொட்டித் தீர்த்துவிட்டு, எஞ்சிய காலமெல்லாம் வானம் வெறிச்சென்று கிடக்க, தேங்கிய நீரை வெயில் குடித்துவிடும். 1877 முதல் 1879 வரை மழை பொய்த்தபோது, க்ஷாமத்தாலும் அம்மை நோயாலும் அங்கே மாண்டவர் தொகையை ஐந்து லட்சம் வரை மதிப்பிடுவர். அந்தப் பெருந்துயரத்துக்குச் சர்க்கார் கண்ட பரிகாரம் பெரிய அணைகள். சியாரா மாகாணத்தில் சக்கரவர்த்தி இரண்டாம் பெட்ரோவின் காலத்தில் திட்டமிட்ட செட்ரோ நீர்த்தேக்கம் 1906-இல் முடிவுற்றது. வறட்சியை எதிர்க்கும் பணிகளுக்கென்றே 1909-இல் தனி இலாகா ஒன்றும் பிறந்தது.

நீர் தேங்கியது மெய்தான். ஆனால் அது யாருடைய நிலத்தில் தேங்கியது என்பதே கேள்வி. பொதுப்பணத்தில் வெட்டிய ஏரிகள் பல பெரும் பண்ணையார்களின் எல்லைக்குள் அமைந்தன. ஏழைக் குடியானவனின் மனைவியோ, மாடு இறங்கிக் கலக்கிய குட்டைக்கு விடியுமுன் நடந்து, குடத்தைத் தலையில் சுமந்து திரும்பினாள். தண்ணீர் லாரியை அனுப்புகிறவர் தேர்தல் காலத்தில் வாக்கைக் கேட்கும் பாத்தியதையும் தமக்கு உண்டென்று எண்ணினார். வறட்சியையே வியாபாரமாக்கி வாழ்ந்த இக்கூட்டத்தாரை 1959-இல் அந்தோனியோ கல்லாடோ என்னும் பத்திரிகையாளர் அம்பலப்படுத்தினார்.

இதற்கு மாற்று ஒரு கொத்தனாரிடமிருந்து வந்தது என்பதை நான் மிகுந்த ஆனந்தத்தோடு எழுதுகிறேன். செர்ஜிப்பே மாகாணத்துச் சிமாவோ டியாஸ் ஊரைச் சேர்ந்த மனுவேல் அப்போலோனியோ டி கார்வாலியோ, ஜனங்கள் நேல் என்று அழைத்த அந்த மனிதர், பிழைப்புத் தேடிச் சாவோ பாவுலோ சென்று, நீச்சல் குளங்கள் கட்டும் வேலையில் சிமெண்டுப் பலகைகளை வார்க்கும் வித்தையைக் கற்று, ஊர் திரும்பியதும் அதையே மழைத்தொட்டிக்குப் பிரயோகித்தார். மரச்சட்டத்தில் சற்றே வளைவாக வார்த்த பலகைகளைக் குழிக்குள் வட்டமாக நிறுத்தி, வெளிப்புறம் கம்பியை இறுகச் சுற்றி, உள்ளும் புறமும் பூசி, மேலே கூம்பாக மூடிவிட்டால் தொட்டி தயார். கிராமத்துக் கொத்தனார் எவரும் சில நாட்களில் கற்றுக்கொள்ளலாம். விரிசல் கண்டால் அவரே பூசிச் செப்பனிடலாம்.

கணக்கும் எளிதே. நாற்பது சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில் 500 மில்லிமீட்டர் மழை விழுந்தால் 20,000 லிட்டர். கூரை அழுக்கைக் கழுவும் முதல் மழையை வெளியே விட்டுவிட்டு, சிந்தியதும் தெறித்ததும் போக, 16,000 லிட்டர் தொட்டி நிறையும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு எட்டு மாதம், ஆளுக்கு நாளொன்றுக்குப் பதின்மூன்று லிட்டர். குடிக்கவும் சமைக்கவும் அது போதும்.

1999-இல் ரெசிஃபே நகரில் பாலைவனமாதலைத் தடுக்கும் ஐக்கிய நாடுகள் மாநாடு கூடியபோது, தொழிற்சங்கங்களும் திருச்சபைகளும் விவசாயிகள் சங்கங்களும் தனியே திரண்டு, வறட்சியோடு போரிடுவதை விட்டு இந்த மண்ணோடு இசைந்து வாழ வழி தேடுவோம் என்று பிரகடனம் செய்து, ஆசா என்ற கூட்டமைப்பை ஸ்தாபித்தன. பத்து லட்சம் தொட்டி என்பது அவர்கள் வகுத்த இலக்கு. 2003 முதல் சர்க்கார் பணம் கொடுத்தது. ஆனால் யாருக்கு முதலில் தொட்டி என்பதை அதிகாரியோ அரசியல்வாதியோ தீர்மானிக்கவில்லை; பெண்ணே தலைமை தாங்கும் வீடு, கைக்குழந்தையோ முதியவரோ உள்ள வீடு என்று நியதிகள் வகுத்து, உள்ளூர்ச் சங்கங்களின் குழுவே தேர்ந்தெடுத்தது. வீட்டார் குழி தோண்டி, கொத்தனாருக்குச் சோறிட்டு, சித்தாளாக நின்றனர். நீரைப் பேணும் முறையை வகுப்பில் அமர்ந்து பயின்றனர். காலப்போக்கில் பெண்களே கரண்டி பிடித்துக் கொத்தனாராயினர். தொட்டியைவிட இந்த ஏற்பாடே பெரிய சாதனை என்பது என் அபிப்பிராயம். ஏனெனில் லாரிக்காரருக்குக் கைகட்டி நின்றவர்கள் கூட்டத்தில் எழுந்து நியாயம் பேசக் கற்றது இங்கேதான்.

2011-இல் சர்க்கார், வேகத்தைக் கருதி, தொழிற்சாலையில் வார்த்த பிளாஸ்டிக் தொட்டிகளை லாரியில் ஏற்றி அனுப்பத் தலைப்பட்டபோது, அப்படிக் கற்றதன் பலன் தெரிந்தது. அவ்வருஷம் டிசம்பரில் ஆயிரக்கணக்கான குடியானவர்கள் பெட்ரோலினா நகரில் திரண்டு ஆட்சேபித்தனர். தங்கள் கையால் கட்டியதும், தங்கள் ஊரிலேயே கூலி தங்கியதுமான முறையை இழக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. ஜனங்கள் இலவசமாக வந்த பொருளைப் பெற்றுக்கொண்டு வாய்மூடி இருந்திருக்கலாம். அப்படி இராததைக் காணும்போது நெஞ்சு நிறைகிறது.

அடுத்த ஆண்டே கொடிய வறட்சி தொடங்கி, 2017 வரை நீடித்தது. தொட்டி மழையை வரவழைக்காது. வறண்டபோது லாரித் தண்ணீரைத்தான் அதில் நிரப்ப வேண்டியிருந்தது. ஆயினும் 1877-இன் கொடுமை மீளவில்லை. முதியோருக்கும் குடியானவருக்கும் கிடைத்த ஓய்வூதியமும், ஏழைக் குடும்பங்களுக்கான உதவிப் பணமும் அதற்குப் பெரிதும் காரணம்; வாசலில் நின்ற தொட்டிக்கும் அதில் பங்குண்டு. 2013-இல் தொட்டித் திட்டம் சட்டத்தில் இடம்பெற்றது. பிற்பாடு நிதி சுருங்கி வேலை ஏறக்குறைய நின்றுபோய், 2023-இல் மீண்டும் தொடங்கியது.