கோட்டையை வீழ்த்திய எதிரெடை

மங்கோலியர் என்றதும் பாய்ந்து வரும் குதிரைப் படையே உங்கள் நினைவுக்கு வரும். ஆனால், சீனத்தின் தென் சுங் அரசை வெல்லக் குதிரைகள் மட்டும் போதவில்லை. ஹான் ஆற்றின் இரு கரைகளிலும் அமைந்த சியாங்யாங், ஃபான்செங் நகரங்கள் 1268 முதல் ஏறத்தாழ ஐந்தாண்டுகள் குப்ளாய்கானின் முற்றுகையைத் தாங்கி நின்றன.

அதுவரை அங்கு வழங்கிய கவண்பொறியில், நீண்ட நெம்புகோலின் ஒரு முனையைப் பலர் கயிறுகட்டி ஒரே சமயத்தில் இழுப்பர்; மறுமுனையிலுள்ள கல் பறக்கும். இழுக்கும் விசை ஒவ்வொரு முறையும் மாறுவதால் குறி தவறும். பாரசீகத்தை ஆண்ட அபாகாகான் அனுப்பிய இஸ்மாயில், அலாவுதீன் என்னும் வல்லுநர்கள், ஆட்களுக்குப் பதிலாகப் பெரும் எடையைப் பொருத்தினர். எடையை மெல்ல உயர்த்தும்போது அதில் நிலையாற்றல் சேர்கிறது. கொக்கியை விடுவித்ததும் எடை இறங்க, அவ்வாற்றலின் பெரும்பகுதி கல்லின் இயக்க ஆற்றலாகிறது. எடை மாறாததால், கல் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழும்.

1273இல் ஃபான்செங் வீழ்ந்தது. மக்கள் பலர் கொல்லப்பட்டனர். அடுத்து சியாங்யாங்கின் கோபுரத்தைக் கல் தகர்த்ததும், தளபதி லூ வென்ஹுவான் சரணடைந்தார். 1279இல் சுங் அரசே மறைந்தது.

ஒரு நாட்டை வென்று பெற்ற அறிவைக் கொண்டே மற்றொரு நாட்டை வென்றார்கள் மங்கோலியர். குதிரையைவிட அதுவே அவர்களது பெரிய படைக்கலம் அல்லவா?